தயோரெடொக்சினுக்கு டி.ரி.ரி.யா, ரி.சி.ஈ.பி.யா?

மனிதத் தயோரெடொக்சின் என்ற புரதத்தில் வேலை தொடங்குகிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: தாங்கற்கரைசலுக்குள் எந்தத் தாழ்த்தியைப் போடுவது, டி.ரி.ரி.யா (DTT), ரி.சி.ஈ.பி.யா (TCEP)? தாழ்த்தி என்பது புரதம் ஒட்சியேறாமல் காக்கும் பொருள். இரண்டையும் பாவித்த பிறகு நான் ரி.சி.ஈ.பி. பக்கம் வந்துவிட்டேன். டி.ரி.ரி. மலிவு, கொஞ்சம் நாறும். மற்றது மணக்காது, விலை கூட. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இந்தப் புரதம் சிறியது. 105 அமினோ அமிலங்கள், ஏறக்குறைய 12 கிலோடால்ரன். ஆனால் கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஐந்து இடங்களில் இருக்கிறது: 32, 35, 62, 69, 73. ஈ.கோலை பற்றீரியாவின் தயோரெடொக்சினில் முதல் இரண்டும் மட்டும்தான், அதனால் அதோடு பழகியவர்கள் மனிதப் புரதத்தில் ஏமாந்துபோவார்கள். 32உம் 35உம் வேலை செய்கிற சோடி. 62உம் 69உம் ஒட்சியேற்றத்தில் தமக்குள் இன்னொரு இருசல்பைட்டுப் பிணைப்பை (இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு) போடும். கரைச்சல் தருவது 73. அது மேற்பரப்பில் இருப்பதால், தாழ்த்தி தீர்ந்த கையோடு பக்கத்து மூலக்கூறின் 73ஐப் பிடித்துக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் ஒருநாள், பி.எச். 8இல் டி.ரி.ரி. போட்டு வைத்த புரதம். மத்தியானம் போன கரண்ட் இரவுதான் வந்தது. அடுத்த நாள் தாழ்த்தி சேர்க்காமல் ஜெல் ஓட்டினோம். “அக்கா, ரெண்டு பட்டி கிடக்கு” என்றான் தம்பி. 12 கிலோடால்ரனில் ஒன்று, 24இல் தடிப்பாக இன்னொன்று: இரண்டு இரண்டாக ஒட்டிய புரதம். இரண்டு கிழமை உழைப்பு.

காரணம் எளிது. காற்றிலுள்ள ஒட்சிசனே டி.ரி.ரி.யைத் தின்றுவிடும். 20 பாகையில் அதன் அரைவாழ்வு பி.எச். 7.5இல் ஏறக்குறைய 10 மணித்தியாலம், 8.5இல் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. எங்கட அறையில் குளிரூட்டி நின்றால் 32 பாகை, அங்கே இன்னும் கெதியாகப் போகும். உலோக அயன்களைப் பிடித்துவைக்கும் ஈ.டி.ரி.ஏ. கொஞ்சம் சேர்த்தால் அவற்றால் வரும் இழப்பு குறையும், நிற்காது. போதாததற்கு, ஒட்சியேறிய டி.ரி.ரி. 280 நானோமீற்றரில் ஒளியை உறிஞ்சும்; புரத அளவும் பிழைத்துப்போகும்.

ரி.சி.ஈ.பி.யில் டி.ரி.ரி.யில் உள்ளது போன்ற தயோல் (கந்தக-ஐதரசன் கூட்டம்) இல்லை, பொஸ்பீன் என்ற பொசுபரசுச் சேர்வைதான். காற்றுக்கு அது இவ்வளவு கெதியாக அழியாது. என்னை மாற வைத்தது இந்த ஒன்றுதான். 2022இல் கரண்ட் 13 மணித்தியாலம்வரை நின்ற நாட்களைப் பார்த்த ஊரில், குளிர்ப்பெட்டியை நம்பி நிற்கும் தாழ்த்தியை நான் நம்பமாட்டேன். இன்னொரு நன்மையும் உண்டு. 32ஆவது சிஸ்டீன் மற்றவற்றைவிடக் குறைந்த பி.எச்.இலேயே அயனாகும். அதை மட்டும் குறிவைத்து அடையாளமிட (வேறொரு மூலக்கூறை ஒட்ட) பி.எச்.ஐ 6.5 அளவுக்கு இறக்க வேண்டும். அங்கே டி.ரி.ரி. தளர்ந்துவிடும், ரி.சி.ஈ.பி. சளைக்காது.

அதற்கும் குணங்கள் உண்டு. வாங்கும் ஐதரோகுளோரைட்டுத் தூள் கடும் அமிலம். சோடியம் ஐதரொட்சைட்டால் பி.எச். 7க்குக் கொண்டுவராமல் ஊற்றினால் தாங்கற்கரைசலே குப்புற விழும். நடுநிலைப் பொஸ்பேற்றில் நிலைக்காது, ஆகவே நான் ரிஸ், ஹெப்பிஸ் தாங்கற்கரைசல்கள் மட்டும் பாவிக்கிறேன். தயோல் இல்லை என்பதற்காக அடையாளமிடப் பாவிக்கும் மலெயிமைட்டோடு சேராது என்று எண்ணாதீர்கள். சேரும். அடையாளமிட முன் நிரலில் ஓட்டி அகற்றுங்கள், அல்லது மிகக் குறைத்து வையுங்கள். நான் 0.5 மில்லிமோலாரில்தான் செய்து பார்த்திருக்கிறேன். அதற்குமேல் என் சொல்லை நம்ப வேண்டாம். உறையவைத்த கரைசலையும் மூன்று மாதத்துக்கு மேல் வைத்துப் பார்த்ததில்லை.

புரதம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் இன்சுலின் கலங்கும் சோதனைக்கு மட்டும் டி.ரி.ரி.யை விடவில்லை. அந்த முறையே அதை வைத்துக் கட்டியது: டி.ரி.ரி. தயோரெடொக்சினைத் தாழ்த்தும், அது இன்சுலினைத் தாழ்த்தும், கலங்கலை 650 நானோமீற்றரில் அளப்போம். அதற்கென்று அன்றன்று தூளைக் கரைப்பேன்.

73ஐ செரினாக மாற்றிய புரதம் இருந்தால் 24ஆம் பட்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை, டி.ரி.ரி.யோடே சமாளிக்கலாம். இயற்கைப் புரதம்தான் வேண்டுமென்றால், ரி.சி.ஈ.பி.யைச் சின்னப் போத்தலாகக் கொழும்பிலிருந்து எடுப்பியுங்கள். திறந்த திகதியை மூடியில் எழுதி, ஈரம் படாமல் இறுக்கி வையுங்கள்.