சேலத்தில் ஆங்கர் போல்ட்: பல வருடப் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893 (2016)-இன்படி சேலம் நிலநடுக்க மண்டலம் 3, மண்டலக் காரணி (எதிர்பார்க்கும் அதிர்வின் அளவைக் குறிக்கும் எண்) 0.16. ஆனாலும் "இங்க எங்கங்க பூமி ஆடப்போவுது" என்று சாதா வெட்ஜ் ஆங்கரை (கான்கிரீட் துளையில் அடித்து முறுக்கினால் விரிந்து பிடிக்கும் போல்ட்) அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். சந்தேகம் வந்தால் எம்12-ஐ (12 மி.மீ. விட்டம்) எம்16 ஆக்குவார்கள். வீண் செலவு. பெரும்பாலும் முதலில் பெயர்வது போல்ட் அல்ல, அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்.

கணக்கைப் பாருங்கள். எம்25 கான்கிரீட் (சிலிண்டர் வலிமை 20 மெகாபாஸ்கல்), ஆங்கர் 100 மி.மீ. ஆழம், கான்கிரீட் விரிசல் விட்ட நிலை: அமெரிக்கத் தரநிலையான ஏ.சி.ஐ. 318-இன் சூத்திரப்படி கான்கிரீட் பெயராமல் தாங்கும் இழுவை 31 கிலோ நியூட்டன். 0.65 பாதுகாப்புக் காரணி, நிலநடுக்கத்துக்கான 0.75 இரண்டாலும் பெருக்கினால் மிஞ்சுவது 15. அதே ஆங்கர் கான்கிரீட்டின் ஓரத்திலிருந்து 75 மி.மீ.யில் இருந்தால் 10-ஐக்கூடத் தொடாது. விட்டத்தைக் கூட்டினால் இதில் ஒன்றும் ஏறாது. ஆழத்தை 125 ஆக்கினால் 40 சதவீதம் ஏறும். ஓரத்துக்கு ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கும், இரண்டு ஆங்கருக்கு நடுவே மூன்று மடங்கும் விட்டால் முழு வலிமை.

வாங்கும்போது ஒப்புதல் ஆவணத்தில் 'சி2' (நிலநடுக்கத்துக்கான ஐரோப்பியத் தர வகை) இருக்கிறதா பாருங்கள். அது 0.8 மி.மீ. விரிசல் வரை சோதித்தது. 'விரிசலற்ற கான்கிரீட்டுக்கு மட்டும்' என்றிருந்தால், என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை விட்டு ஒட்டும் கம்பி) காலை வாருவது துளைக்குள் தங்கும் தூசியால். ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது; வாயால் ஊதுவது கணக்கில் சேராது. எம்12 கம்பிக்கு 14 மி.மீ. துளை. நம் ஊர்க் கருங்கல் ஜல்லியில் டிரில் பிட் சீக்கிரம் தேயும். தேய்ந்த பிட் சிறு துளை போடும், வெட்ஜ் ஆங்கர் பாதியிலேயே நிற்கும். ஏற்காட்டு மார்கழிக் குளிரில் பசை இறுக நேரமெடுக்கும். டியூபிலுள்ள அட்டவணையைக் கான்கிரீட்டின் வெப்பநிலைக்குப் பார்க்க வேண்டும், காற்றின் வெப்பநிலைக்கு அல்ல. மலையின் பனியீரத்தில் சாதா ஜிங்க் பூச்சு நிற்காது, துருப்பிடிக்காத எஃகுதான்.

வெட்ஜ் ஆங்கரை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ரெஞ்ச்) குறித்த அளவுக்கு முறுக்கிய பிறகும் இழுவிசை சில நாளில் பாதியளவுக்கு இறங்கிவிடும். அது இயல்பு. 'லூஸாயிடுச்சு' என்று ரெஞ்சுப் பிடியில் பைப்பைச் சொருகி மறுபடி முறுக்கினால் ஆங்கர் மேலே ஏறி வரும், ஆழம் குறையும்.