பள்ளத்தூர் வீட்டு நாயும் காரைக்குடிக் கடைகளும்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூர் வந்தபோது, கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போனதைவிட நாய் பூனைக்காக அலைந்ததுதான் அதிகம். சித்தப்பா வீட்டில் ஒரு லாப்ரடாரும் ஒரு நாட்டுப் பூனையும் இருக்கின்றன. சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் ஊசி, தீனி, மருந்து எல்லாவற்றுக்கும் நானும் தம்பியும்தான் காரைக்குடிக்கு ஓடினோம்.

அப்பத்தா காலத்தில் நாய்க்கென்று காசு கொடுத்து எதுவும் வாங்கியதில்லை. நாய் முகப்புத் திண்ணையோடு சரி, வீட்டுக்குள்ளே பட்டாலையில் கால் வைக்காது. மத்தியானம் மிஞ்சிய குழம்புச் சோறு அலுமினியத் தட்டில் விழும். நெல் மூட்டை கிடந்த அறையில் எலி பிடிக்கப் பூனை. முற்றத்தில் ஐயா வளர்த்த பச்சைக்கிளி கூண்டில் தொங்கும், அதற்குக் கோவைப்பழம். இன்று அந்தக் கிளியை வளர்த்தால் குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது, ஊரில் உறைக்கத்தான் வெகுகாலம் ஆனது. பக்கத்து வீட்டுக் கூண்டில் இப்போது இருப்பவை கடையில் வாங்கிய லவ் பேர்ட்ஸ்.

கடைகளைப் பார்த்து அசந்துதான் போனேன். பெடிகிரி, ட்ரூல்ஸ் என்று நாய்த்தீனி மூட்டைகள் அரிசி மூட்டை மாதிரி அடுக்கியிருக்கின்றன. பூனை வெளிக்குப் போக மண், நாய்க்கு ஷாம்பு, கழுத்துப் பட்டை, நகம் வெட்டும் கத்தரி எல்லாம் கிடைக்கிறது. கடையில் இல்லாததை ஆன்லைனில் போட்டால் பள்ளத்தூர் வாசலுக்கே வருகிறது. இதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். நம் வீட்டுக் குழம்பில் சின்ன வெங்காயம் இல்லாத நாள் உண்டா? வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்தக் காலத்து நாய்கள் என்ன நோவென்று தெரியாமலே செத்துப்போனதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும்.

ஆனால் அந்தக் கடைகளில் ஒன்றில்தான் என் மனசு பதறியது. நாய்க்கு உண்ணி, மருந்து கேட்டோம். ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வைத்து, "பூனைக்கும் இதையே போடலாம் சார்" என்றார் கடைக்காரர். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் பெர்மெத்ரின் என்றும், நாய்க்கு மட்டும் என்றும் போட்டிருந்தது. நாய்க்கு ஒத்துக்கொள்ளும் இந்த மருந்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். பவுடர் போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும், அதை நக்கினாலும் ஆபத்துதான். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே சாக்கில் படுப்பவை! கடைக்காரர் மேல் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டர் என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்குத்தான் காலையில் போனோம். ஆடு, கன்றுக்குட்டி, கோழி என்று வரிசை நின்றது. நடுவே எங்கள் லாப்ரடார். டாக்டர் பொறுமையாகக் காதைப் புரட்டி, கால்விரல் இடுக்கில் தேடி, மூன்று உண்ணிகளைப் பிடுங்கிக் காட்டினார். அதன் எடையைப் பார்த்து மாதம் ஒரு மாத்திரை எழுதினார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டாயிற்று. பின்னங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டில் என்ன தரை?" என்று கேட்டார். ஆத்தங்குடிக் கல் என்றோம். "வழுக்கும், கனமான நாய்க்கு இடுப்பு மூட்டு கெடும். நடக்கிற வழியில் சாக்கு விரிச்சுவிடுங்க" என்றார். இப்படிப் பார்த்துச் சொல்ல மூட்டை விற்கிற கடையில் ஆளில்லை.

நாய்க்கடி விஷயமும் நிறைய மாறியிருக்கிறது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று அப்பத்தா சொல்லிக் குலைநடுங்க வைப்பார்கள். அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது கையில்தான் ஊசி: கடித்த அன்று, பிறகு 3, 7, 14, 28ஆம் நாட்களில். அதற்கு முன்னால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். இதைத் தம்பி பிள்ளைகளிடம் செய்தே காட்டினேன், ஏனென்றால் தெருவில் இன்னமும் மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கிறார்கள்.

எனக்குக் குறையாகத் தெரிவது ராத்திரிதான். ஒருநாள் இரவு பூனை எதையோ தின்றுவிட்டு விடாமல் வாந்தியெடுத்தது. தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போன் அடித்துப் பார்த்தோம், யாரும் எடுக்கவில்லை. "மதுரைக்குக் கெளம்பிடலாமா அண்ணே?" என்றான் தம்பி. மதுரை, திருச்சி இரண்டுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நல்லவேளை, விடிவதற்குள் பூனை தேறிவிட்டது. தீனிக்கு இத்தனை கடை வந்த ஊரில், ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிராணிக்கு வைத்தியம் பார்க்க ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டாமா?

கோயிலும் ஊருணியும் பசுமடமும் கட்டி வைத்த ஊர்கள் இவை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றின் முகப்பை யாராவது கொடுத்தால் போதும், ஒரு டாக்டரை இரவில் அங்கே உட்கார வைக்கலாம். சம்பளத்துக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நாம் மாதாமாதம் பங்கு போட்டுக்கொள்ளலாம். என் பங்கு தருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இடம் தர மனசுள்ளவர்கள் அவரிடம் பேசுங்கள்.