அக்ரிலிக் மீன் தொட்டி, மூன்றாவது வருடம்: கீறலோடு ஒரு குடித்தனம்

தர்மபுரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டார்: "தொட்டியில நகம் மாட்டுற அளவுக்குக் கோடு விழுந்திருக்கு. பக்கத்துத் தெருவுல கிரானைட் பட்டறை இருக்கு. அந்த பாலிஷ் பேடை வெச்சு ஒரு ஓட்டு ஓட்டிடலாமா?"

வேண்டாம் சாமி. பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கல்லைப் பளபளக்க வைக்கும் அந்த வைர பேடு கல்லுக்குத்தான். சின்ன கை கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். அக்ரிலிக் என்பது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக், 105 டிகிரியை ஒட்டி இளகிவிடும். ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றாலும் கோடு இருந்த இடத்தில் குழியும், குழியைச் சுற்றி உருகிய பிசிறும் மிச்சம். கோட்டையாவது எடுத்துவிடலாம், குழியை முடியாது.

என்னிடம் இருப்பதும் அக்ரிலிக்தான், 3 அடி நீளம், 8 மி.மீ. தடிமன். எடை குறைவு, தெளிவு அதிகம், இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவில்லை. இதெல்லாம் வாங்கும்போதே தெரிந்த சங்கதி. எதைக் கண்டாலும் கீறிக்கொள்ளும் என்பதும் தெரிந்ததுதான், இந்த அளவுக்கு என்பதுதான் தெரியவில்லை.

நம்ம ஊரில் முதல் எதிரி தூசி. கிரானைட் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ், பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் 7. கண்ணாடி 5.5. அக்ரிலிக் 3 வந்தால் பெரிது. காய்ந்த துணியால் துடைத்தால் அக்ரிலிக்கில் மின்னேற்றம் உண்டாகி, காற்றில் போகிற தூசியையும் கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். அடுத்த துடைப்பில் அதே தூசிதான் உப்புத்தாள். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகு ஈரமான மைக்ரோஃபைபர் துணி. துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், அதுவும் கோடு போடும்.

இரண்டாவது எதிரி போர் தண்ணீர். தண்ணீர் மட்டத்தில் வெள்ளைக் கோடாக உப்பு படியும். அதைப் பச்சை ஸ்க்ரப்பரால் தேய்த்தவர்கள்தான் பிறகு கீறல் எடுக்க வழி தேடுகிறார்கள். அந்த ஸ்க்ரப்பர்களில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஒட்டியிருக்கும், அது குவார்ட்ஸைவிடக் கடினம். தண்ணீரை நான்கு விரல் இறக்கிவிட்டு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, டிஷ்யூ பேப்பரை நனைத்து அரை மணி நேரம் ஒட்டிவையுங்கள். உப்பு தானாக இளகி வரும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீட்டில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் குளோரின் எடுத்த பிறகுதான் மீனுக்கு.

மற்றபடி காந்த கிளீனருக்குள் மாட்டும் ஒற்றை மணல், தரை மணலிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்குள் அந்த கிளீனரை இறக்கும் சோம்பேறித்தனம், பெரிதாக வளர்ந்த சக்கர் மீன். ஆமாம், சக்கர் மீன்தான். தொட்டியைச் சுத்தம் செய்கிறது என்று கடைக்காரர் தலையில் கட்டுவார். வாயிலிருக்கும் அரம் போன்ற பல்லால் அது சுவரைச் சுரண்டும்போது அக்ரிலிக்கில் பொடிப்பொடித் தடம் விழும்.

கோடு எந்தப் பக்கம் என்பதை முதலில் பாருங்கள். உள்பக்கக் கீறல் காலித் தொட்டியில் பயங்கரமாகத் தெரியும், தண்ணீர் நிரப்பினால் பாதி காணாமல் போகும். ஒளிவிலகல் எண் அக்ரிலிக்குக்கு 1.49, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. கோட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். தொட்டியைக் காலி செய்து பார்த்துப் பதறி, தேவையில்லாத கோட்டையெல்லாம் தேய்க்காதீர்கள். வெளிப்பக்கக் கோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்தது நகம், கோட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் 2000 வாட்டர் பேப்பரில் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைசு) தொடங்கினால் போதும், பல நேரம் பாலிஷ் மட்டுமே போதும். லேசாக மாட்டினால் 800. நன்றாக மாட்டினால் 400 அல்லது 600. கோடு உள்ளுக்குள் வலை போலப் பரவியிருந்து, மேலே தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லையென்றால் அது கீறலே இல்லை, அழுத்தத்தால் வந்த விரிசல். நீல நிறக் கண்ணாடி கிளீனரில் இருக்கும் அமோனியா, தின்னர், ஸ்பிரிட் இதையெல்லாம் போட்டால் வருவது. அதைத் தேய்த்தால் போகாது. ஒட்டுப் பகுதியிலிருந்து இரண்டு செ.மீ. வரை எதையுமே தேய்க்க வேண்டாம்.

வாட்டர் பேப்பர் பெயின்ட் கடையிலேயே கிடைக்கும். 2000, 3000 மட்டும் கார் பெயின்ட் விற்கிற கடையில் கேளுங்கள், ஓசூரில் சிரமமில்லை. பக்கெட் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும். தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் அகலத்துக்கு வாய்க்கால் விழும். பள்ளிக்கூட அழிரப்பரில் சுற்றிப் பிடியுங்கள். தேய்க்க ஆரம்பித்ததும் கோடு எங்கே என்று தெரியாமல் போய்விடும். அதனால் சுவரின் மறுபக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

400 குறுக்காக என்றால் 600 நெடுக்காக, 800 மறுபடி குறுக்காக. முந்தைய தாளின் தடம் ஒன்றுகூட இல்லை என்று தெரியும் வரை அடுத்ததுக்குப் போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால்தான் அது தெரியும். 600, 800, 1000, 1500, 2000, 3000. ஒவ்வொரு முறையும் இடத்தை அரை அங்குலம் அகலப்படுத்திக்கொண்டே போங்கள். 5 செ.மீ. கோட்டுக்கு முடிவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடம் தேய்ந்திருக்க வேண்டும். கோட்டை மட்டும் தோண்டினால் அந்த இடம் லென்ஸ் ஆகிவிடும், பின்னால் போகிற மீன் வளைந்து வளைந்து போகும். தாள் மாறும்போது தண்ணீரும் மாற வேண்டும். 600 தாளின் ஒரு துகள் 2000 வேளையில் மாட்டினால் திரும்ப 600.

தேய்க்கும்போது வழிகிற தண்ணீர் மோர் மாதிரி வெள்ளையாக வந்தால் அது அச்சில் ஊற்றி எடுத்த வார்ப்பு அக்ரிலிக், நல்ல சரக்கு. பிசுபிசுத்துத் தாளில் அடைத்துக்கொண்டால் எக்ஸ்ட்ரூடட், அதாவது இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த தகடு. அதற்கு இன்னும் நிறையத் தண்ணீர், இன்னும் மெதுவாக. 1500 வரை சுவர் பால் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். தொட்டியே போச்சு என்று பயந்து இந்த இடத்தில்தான் பலர் நிறுத்துகிறார்கள். நிறுத்தினால்தான் போச்சு.

3000க்குப் பிறகு பிளாஸ்டிக் பாலிஷ். நோவஸ் 2 மாதிரி பிளாஸ்டிக்குக்கென்றே செய்தது நல்லது. பஞ்சுத் துணியில் கையால் போடுங்கள். டிரில்லில் ஃபோம் பேடு மாட்டுவதானால் வேகம் 1,500 சுற்றுக்குக் கீழே, பேடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், தொட்டுப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. வெள்ளைப் பற்பசையும் வேலை செய்யும், ஆனால் மேலோட்டமான மங்கலுக்கு மட்டும்.

உள்பக்கத்தை மீன் இருக்கும்போதே, தண்ணீருக்குள்ளேயே கையால் தேய்க்கலாம். ஆனால் பாலிஷும் சோப்பும் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. அதற்கு மைக்ரோமெஷ் தாள்தான் சரி. விமான ஜன்னல் அக்ரிலிக்கைத் தேய்க்க வந்த சரக்கு, 12000 வரை போனால் பாலிஷே தேவைப்படாது. அதன் எண் கணக்கு வேறு. 1500 மைக்ரோமெஷ், 1500 வாட்டர் பேப்பரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கரடு. ஃபில்டரில் புதுப் பஞ்சு வைத்து, வேலை முடிந்ததும் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிடுங்கள்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். கீறல் போய்விடும், சுத்தமாகப் போய்விடும். கண்ணாடித் தொட்டியில் இந்த ஆழத்துக்குக் கோடு விழுந்தால் வீட்டில் வைத்து எடுக்க வழியே இல்லை. இங்கே ஒன்றரை மணி நேரத் தேய்ப்பில் புதுசாகிவிடுகிறது. தொல்லை அந்தப் புதுசுதான். பாலிஷ் செய்த தட்டு அகல இடம் பளிச்சென்று நிற்கும், சுற்றியிருக்கும் சுவர் முழுக்க மூன்று வருட மங்கல். நேற்று வரை கண்ணில் படாத நூறு மெல்லிய கோடுகள் இன்று வரிசை கட்டி நிற்கும். அந்தப் பக்கத்தை முழுக்கத் தேய்த்தால், பக்கவாட்டுச் சுவர் அழுக்காகத் தெரியும். இரவில் தொட்டி விளக்கு மட்டும் எரியும்போது மீனைப் பார்ப்பது போய், கோட்டை எண்ணுகிற வேலையாகிவிட்டது.

அதனால் நண்பருக்குப் பதில்: பட்டறைப் பக்கம் போகாதீர்கள், 600 வாங்கி ஊறப்போடுங்கள், கோடு போய்விடும். அடுத்த தொட்டி வாங்கும்போது மட்டும் கண்ணாடி வாங்குங்கள். அப்படியென்றால் உங்கள் தொட்டியை விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன். முன்பக்கம் வலது மூலையில் ஒரு கை அகலம் இன்னும் 800இல் நிற்கிறது.