நீக்குவதா, வரம்பு வைப்பதா, வேளை குறிப்பதா?

தமிழக எல்லையை ஒட்டிய கேரளக் குமுளியில் ஏலக்காய்க் கொள்முதல் கடை ஒன்றில் கணக்கு எழுதும் எனக்குக் கைப்பேசியும் தராசைப் போல ஒரு கடைச் சாமான்தான். புத்தடியிலும் போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் நாட்களில், அதிகபட்சம் என்ன, சராசரி என்ன என்ற விவரமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்து விழும். விற்கும் பொருளுக்கும் ஏலம் என்று பெயர், விற்கும் முறைக்கும் ஏலம் என்று பெயர். அதே போலத்தான் என் கைப்பேசியில் தொழிலும் தொல்லையும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. விலை பார்க்கத் திறந்தவன், யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸ், அங்கிருந்து ரீல்ஸ் என்று நழுவி, நாற்பது நிமிடம் கழித்துத் தலை நிமிரும்போது, பார்த்த சராசரி மறந்துபோய் மறுபடியும் குழுவைத் திறக்க வேண்டியிருக்கும். இதற்குச் சொல்லப்படும் வழிகளில் மூன்றை, சென்ற காய் எடுப்புக் காலத்தில் ஒவ்வொன்றாக நடைமுறைப்படுத்திப் பார்த்தேன்.

முதல் வழி, அடியோடு நீக்குவது. 2018-இல் அமெரிக்கத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கி வைக்கச் சொல்லி நடத்திய ஆய்வொன்றில், பங்கேற்றவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 நிமிடம் மிச்சமானது. அதில் ஒரு பங்கு தொலைக்காட்சிக்கும், ஒரு பங்கு குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் போயிற்று. மனநிறைவு சிறிதளவு கூடியது, நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. நானும் பட்டன் போனுக்கு மாறினேன். பணம் அனுப்புவதற்கு அது தடையில்லை. சாதாரணக் கைப்பேசிக்கான யுபிஐ 123பே 2022-லேயே வந்துவிட்டது. ஆனால் நான்காம் நாள் வண்டன்மேட்டுப் பக்கமிருந்து சிறு விவசாயி ஒருவர் இரண்டு மூட்டைக் காயை இறக்கிவைத்து, "நேத்து சராசரி எவ்வளவுண்ணே?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் தன் கைப்பேசியை எடுத்து எனக்கே காட்டினார். விலை சொல்ல வேண்டியவன் விலை கேட்டு நிற்பது கொள்முதல் கடைக்கு அழகில்லை. அன்று மாலையே பழைய கைப்பேசிக்குத் திரும்பினேன். அதற்காக இந்த வழியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை மகள் இன்ஸ்டாகிராமை நீக்கியவள், இன்று வரை அதைத் தேடவில்லை.

இரண்டாம் வழி, நிமிடக் கணக்கில் வரம்பு வைப்பது. கூகுளும் ஆப்பிளும் 2018-இலேயே இதற்கான வசதியைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்துவிட்டன. கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றும் இந்த வழிதான் என்னை அதிகம் ஏமாற்றியது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் ஒதுக்கிய நேரம் தீர்ந்ததும் செயலியின் படம் சாம்பல் நிறமாகிவிடும். மறுபடி திறக்க வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போய் வரம்பையே எடுத்தாக வேண்டும். ஐபோன் அதைவிட இளகிய மனம் கொண்டது. இன்னும் ஒரு நிமிடம், பதினைந்து நிமிடம், இன்றைக்கு வரம்பே வேண்டாம் என்று மூன்று சலுகைகளை நீட்டுகிறது. பூட்டையும் சாவியையும் ஒருவர் கையிலேயே கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இதிலும் ஆகிறது. அதைவிடப் பெரிய குறை, கைப்பேசி நிமிடங்களை எண்ணுமே ஒழிய அவற்றின் தரத்தை அறியாது. விலை பார்த்த ஐந்து நிமிடமும் கல்யாண வீட்டு ஸ்டேட்டஸ் பார்த்த ஐந்து நிமிடமும் அதற்கு ஒன்றே. வாட்ஸ்அப்புக்கு 45 நிமிடம் வைத்தேன். காலை 11 மணிக்கே தீர்ந்து, மதியத்துக்கு மேல் வரும் விலைக்காக நானே வரம்பை எடுத்தேன். நள்ளிரவில் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று தெரிந்தபின், அதற்காக விழித்திருந்த இரவும் ஒன்றுண்டு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு தளத்துக்கும் நாளுக்கு 10 நிமிடம் என மூன்று வாரம் கட்டுப்படுத்திக்கொண்டவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் அவர்கள் மாணவர்கள். அவர்களுடைய பிழைப்பு அந்தத் தளங்களுக்குள் இல்லை. என்னளவில் இந்த வரம்பு இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் ஒத்துவந்தது.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் யோசனையும் உண்டு. காயின் பச்சை நிறத்தைப் படத்தில் பார்த்துத் தரம் பேசுகிற தொழிலில் அது அரை நாள்கூடத் தாங்கவில்லை.

மூன்றாம் வழி, வேளை குறித்துக்கொள்வது. அறிவிப்புகளை நாளுக்கு மூன்று வேளையாகத் தொகுத்துக் கொடுத்து 237 பேரிடம் நடத்திய ஆய்வொன்றில், அவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன; அறிவிப்பே வராதபடி செய்யப்பட்டவர்களிடமோ பதற்றம் கூடியிருந்தது. நான் விலைக் குழு ஒன்றுக்கு மட்டும் ஒலியை விட்டுவைத்து, மற்றக் குழுக்களை வாட்ஸ்அப்பின் ஆவணக் காப்பில் (ஆர்க்கைவ்) போட்டேன். வாட்ஸ்அப் 2021-இல் செய்த மாற்றத்துக்குப் பின், புதுச் செய்தி வந்தாலும் அவை அங்கேயே கிடக்கும். காலை கம்பத்தில் பேருந்து ஏறுமுன், மதியச் சாப்பாட்டுக்குப் பின், இரவு ஏழு மணிக்கு என மூன்று முறை மட்டும் அவற்றைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இதன் பலன் எனக்கு நன்றாகத் தெரிந்தது மழைக்காலத்தில்தான். முல்லைப் பெரியாறு அணையில் நீர் ஏறத் தொடங்கினால் எல்லையில் இருப்பவன் கைப்பேசிக்கு மலையாளத்தில் பயமும் தமிழில் கோபமுமாக இரண்டு வெள்ளம் வரும். இருபுறமும் எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. இருபுறத்துப் பதிவுகளையும் உடனுக்குடன் படித்து நான் இழந்த மதியங்களுக்குக் கணக்கில்லை. உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த அளவு 142 அடி. இன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்ற ஒரே எண் எனக்குப் போதும். இரவு ஏழு மணிக்குத் திறந்தால், காலையில் கிளம்பிய வதந்திகளில் பலவற்றுக்கு அதே குழுவில் மறுப்பும் வந்து கிடக்கிறது.

இதிலும் குறை உண்டு. மற்ற இரண்டு வழிகளுக்கு நாம் மட்டும் சம்மதித்தால் போதும், இதற்கு நம்மைச் சுற்றியிருப்பவர்களும் சம்மதிக்க வேண்டும். "மெசேஜ் போட்டேனே, பார்க்கலையா?" என்று முதல் வாரம் முதலாளி இரண்டு முறை கடிந்துகொண்டார். அவசரமென்றால் அழையுங்கள் என்று அவரிடமும் வீட்டிலும் சொல்லிப் பழக்கப் பத்து நாளானது. அழைப்பு ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாதபோது, அதைத் தவிர்க்கவே எல்லோரும் ஆறு செய்திகள் தட்டுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றில் எனக்கு நிலைத்தது வேளை குறிப்பதுதான், இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் பத்து நிமிட வரம்போடு. மிச்சமான நேரத்தைப் பேருந்தில் மலையாள எழுத்துப் படிக்கச் செலவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளாக அந்த மொழியைப் பேசிக்கொண்டே அதில் எழுதிய பில்லைப் பிறரிடம் கொடுத்து வாசித்தவன் நான். இப்போது கட்டப்பனைப் பேருந்துக்குப் பலகையை நானே வாசித்து ஏறுகிறேன். கூட்டெழுத்து வந்தால்தான் இன்னும் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.