சிங்கப்பூர் பொலிஸ் கத்தியா? திருகோணமலைப் பழைய சாமான் கடையில் பார்த்தது

பிரதான வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உள்ள பழைய சாமான் கடையில் இரண்டு கூர்க்காக் கத்திகள் தொங்குவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அப்பா உப்புவெளியில் பட்டறை வைத்திருந்தவர். லொறி வில்லுத் தகட்டில் காட்டுக்கத்தி அடிப்பார். நானும் லேத்தில் முப்பது வருடம் நின்றவன். இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது.

இரண்டிலும் ஒரே அட்டை, ‘சிங்கப்பூர் பொலிஸ் கத்தி’. விலை 22,000 ரூபா. “அண்ணன், இது அங்க பொலிஸுக்குக் குடுத்த சாமான்” என்றார் கடைக்காரத் தம்பி.

இதை வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. சிங்கப்பூர் பொலிஸில் நேபாளத்துக் கூர்க்காக்களின் பிரிவு உண்மையாகவே இருக்கிறது. 1949 ஏப்ரலில், முன்பிருந்த சீக்கியப் பிரிவுக்குப் பதிலாகத் தொடங்கியது. துப்பாக்கியோடு குக்ரி என்கிற இந்தக் கூர்க்காக் கத்தியும் வைத்திருப்பார்கள். 2018 ஜூனில் ட்ரம்பும் கிம் ஜொங் உன்னும் அங்கே சந்தித்தபோது காவல் நின்றவர்களில் இவர்களும் உண்டு. நம்மவர்கள் எத்தனை குடும்பம் மலாயா, சிங்கப்பூர் என்று போய்த் திரும்பியிருக்கிறது! அங்கிருந்து ஒரு கத்தி டிரங்குப் பெட்டியில் வந்திருக்கலாம். அதனால்தான் கவனமாகப் பார்த்தேன்.

முதலாவதன் பிடியில் சிங்கத்தலை, உறை முழுக்கப் பித்தளைப் பூ. பிடிக்குக் கிட்ட அலகில் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தது. நினைவுப்பொருளாக விற்கச் செய்த கத்திகளில் காணும் எழுத்து அது. தம்பியிடம் கேட்டுவிட்டு, கத்தியின் வெட்டுவாயில் அரத்தை வைத்தேன். நன்றாகத் துவைச்சல் ஏறிய, அதாவது காய்ச்சித் தோய்த்து உரமேற்றிய வாயென்றால் அரம் வழுக்கும். இதிலோ கடித்துக்கொண்டு போனது. பிடியும் ஆடுகிறது.

இரண்டாவது வேறு ரகம். அழுக்கேறிய மரப்பிடி, இரண்டு ரிவெட், பிடியின் கடைசிவரை முழு அகலத்தில் ஓடும் அலகின் வால். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும் ‘எம்.கே. 2’ என்ற மாதிரிக் குறி, 1943, அரச சொத்துக்குக் குத்தும் அம்புக்குறி எல்லாம் தெரிந்தன. அரம் வழுக்கியது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட துறைமுகத்துக்குப் பக்கத்தில் நின்று, அதே போர்க்காலத்து இரும்பைக் கையில் பிடித்திருந்தேன்.

ஆனால் அது படைக்கென்று செய்த கத்தி. அந்தப் பொலிஸ் பிரிவு தொடங்க ஆறு வருடத்துக்கு முன்னமே அடித்தது. பொலிஸ் கைக்குப் போனதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. உருவினால் ரத்தம் காட்டாமல் உறையில் போடக்கூடாது என்று தம்பி சொன்னதும் சரியில்லை. நேபாளத்தில் விறகு பிளக்கவும் இறைச்சி வெட்டவும் வீட்டில் வைத்திருக்கிற கத்தி அது.

பேசி 15,000க்கு எடுத்தேன். கடையில் குறை சொல்ல நிறைய இல்லை. அரை மணித்தியாலம் பொறுமையாக நின்றார், மண்ணெண்ணெயும் அவரே தந்தார், கேட்டதும் பற்றுச்சீட்டில் ‘1943 படைக்கத்தி’ என்று எழுதித் தந்தார். சிங்கத்தலைக் கத்தியின் அட்டையை மட்டும் கழற்றவில்லை. “வாங்கின இடத்தில அப்பிடித்தான் சொன்னவங்கள்” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, அதை அவரிடமே சொன்னேன்.

நேற்றும் அந்த வழியால் போனேன். அட்டை அப்படியே தொங்குகிறது. அதற்கு 22,000 கொடுக்க நினைப்பவர்கள், வாசல் வெளிச்சத்தில் அலகின் அடியைப் பிடித்து அந்த எழுத்தை வாசித்துவிட்டுக் காசை எடுங்கள்.