சலாஸி மேட்டுக்கு எந்த மோட்டார்?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் எங்கள் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் முதல்முறையாக மின்சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது, "ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" நானும் அதைத்தான் கேட்டேன். கரையோரம் கொஞ்சம் சமதரை, உள்ளே திரும்பினால் சுவர் மாதிரி மலை. இப்படிப்பட்ட தீவில் எத்தனை மீட்டர் ஏறும் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

பெட்ரோல் மோட்டாரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சாதா சைக்கிளில் மாட்டுகிற குட்டி இன்ஜின் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் இங்கே பிரெஞ்சுச் சட்டம். இன்ஜின் ஏறிவிட்டால் அது சைக்கிள் இல்லை, மொபெட். பதிவு, நம்பர் பிளேட், காப்பீடு எல்லாம் வேண்டும். வீட்டில் மாட்டிய வண்டிக்குப் பதிவு கிடைப்பது குதிரைக்கொம்பு. பிரான்சில் 1946 முதல் 1988 வரை தயாரான வேலோசோலெக்ஸ் என்ற இன்ஜின் சைக்கிள் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. முன்சக்கரத்தின் மேல் இன்ஜின், டயரை உரசிச் சுழற்றும் உருளை. ஆனால் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். எங்கள் கிழக்குக் கரையில் டயர் நனையாத வாரம் ஏது?

45 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மின்வண்டிக்கும் அதே மொபெட் சட்டம்தான். மிச்சம் இருப்பது 250 வாட் வண்டி. மிதித்தால்தான் உதவும், 25 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் மோட்டார் விலகிக்கொள்ளும். "பூட்டை எடுத்துவிடுகிறேன் அண்ணே" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வேகக் கட்டுப்பாட்டை மாற்றினால் ஓராண்டு சிறை, 30,000 யூரோ அபராதம் வரை போகலாம்.

சரி, இனி உண்மையான போட்டி: பின்சக்கரத்து அச்சில் மோட்டாரா, பெடல் அச்சில் மோட்டாரா?

என் முதல் வண்டி சக்கர மோட்டார். சேந்த் ஆந்த்ரேயிலிருந்து சேந்த் சுசானுக்குக் கரும்புத் தோட்ட ஓரமாக வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டு, மலைக்குள் இருக்கும் சலாஸிப் பக்கம் திருப்பினேன். வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து, எட்டு கிலோமீட்டருக்கு வந்தது. அப்புறம் மோட்டார் நின்றே போனது. இறங்கி மோட்டாரின் மூடியைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. காரணம் எளிது. இந்த மோட்டார் சக்கரத்தோடு கட்டுண்டது. சக்கரம் ஊர்ந்தால் மோட்டாரும் ஊரும், பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். பெடல் அச்சு மோட்டாரின் விசையோ சங்கிலி வழியாகப் போகிறது. நீங்கள் சின்ன கியருக்கு மாறினால் அதற்கும் சுமை குறையும், மேட்டிலும் அது வசதியான வேகத்தில் சுழலும். பாஷ், ஷிமானோ போன்றவர்களின் மோட்டார்கள் இந்த வகை. விலை எகிறும், சங்கிலியும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். அந்தச் செலவு எனக்குச் சம்மதம்தான்.

பேட்டரிக்கு ஒரு கணக்கு. ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். சலாஸிக்கு மேலே இருக்கும் எல்பூர் கிராமம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அந்த எடையை அங்கே தூக்க மட்டும் சுமார் 245 வாட்-மணி வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 300 தாண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே, இரண்டையும் பெருக்கினால், 360 வாட்-மணி. காலுக்கு வேலை கொடுக்காமல் போனால் மேலே சேரும்போது கடைசிக் கோடு மின்னும். அதனால் மலைக்கு 500 எடுங்கள். திரும்பி வரும்போது பேட்டரிக்கு ஓய்வு, பிரேக்குக்குத்தான் சோதனை. ஹைட்ராலிக் டிஸ்க் இல்லாத வண்டியில் அந்த இறக்கத்துக்கு நான் வரமாட்டேன்.

தீவுக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. "பாரிஸில் மலிவு, வரும்போது பேட்டரி வாங்கிட்டு வா" என்று தம்பியிடம் சொல்ல முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட தனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கப்பலில்தான் வர வேண்டும், அதுவும் ஆபத்தான சரக்காக. எனவே மாற்றுப் பேட்டரி இங்கேயே வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள், ஐம்பது நூறு கூடப் போனாலும்.

இதற்காகச் சக்கர மோட்டாரை மட்டம் தட்டவில்லை. கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் போகும் என் சித்திக்கு அதைத்தான் வாங்கிக்கொடுத்தோம். வீடு, கோயில், சந்தை மூன்றும் சமதரையில். ஆனால் மிதிக்கும் வேகத்தை மட்டும் அறிகிற சென்சார் அதில் இருந்தது. முதலில் அரைச் சுற்று சும்மா இருந்துவிட்டு, பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளின மாதிரி பாயும். சித்தி முதல் நாளே ஒரு கூடை தக்காளியைத் தெருவில் கொட்டினார். மிதிக்கும் அழுத்தத்தை அறிகிற சென்சார் உங்கள் கால் கேட்ட அளவுக்கே கொடுக்கும்.

கடையில் வாசலிலேயே ஒரு வட்டம் அடித்துக் காட்டச் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு மேட்டுத் தெரு கேளுங்கள். பாதி மேட்டில் நிறுத்தி, கால் ஊன்றி, அங்கிருந்து மறுபடி கிளப்பிப் பாருங்கள்.