காரைக்குடியில் வாங்கிய கணக்குப் பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் அடுத்தடுத்து இருப்பதும், செட்டிநாட்டில் ஒரு வீடு இடிபட்டால் அதன் தூண், நிலை, கதவு தொடங்கி மரவை, எனாமல் தூக்கு வரை அங்கே வந்து சேர்வதும் ஊரறிந்த செய்தி. அவற்றுள் ஒரு கடையில் ஆறு வாரங்களுக்கு முன் ஒரு கணக்குப் பெட்டி வாங்கினேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாய்வான மூடியின்மேல் பேரேட்டை வைத்து எழுதுவதற்கென்று செய்த தேக்குமரப் பெட்டி அது.

விலை 7,500 ரூபாய் என்றார்கள். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு 5,800க்கு முடிந்தது. கடைக்காரர் பொறுமைசாலி. எதையும் எடுத்துப் பார்க்கலாம், திறந்து பார்க்கலாம். வாங்காமல் எழுந்து போனாலும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் பொருளின் வயதைச் சொல்வதில் அவருக்கு இருக்கும் தாராளத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. நூற்றைம்பது வருஷத்துப் பெட்டி, ஓர் ஆணிகூட மாற்றவில்லை என்று சத்தியம் செய்தவர், பித்தளை என்று காட்டிய கீலின்மேல் நான் சட்டைப்பையிலிருந்த காந்தத்தை வைத்ததும் அது ஒட்டிக்கொள்ள, "கீலு மட்டும் நாங்க போட்டதுண்ணே, மரம் அந்தக் காலத்து மரந்தான்" என்று சிரித்தார்.

மரத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். புதிதாக அடித்திருந்த வார்னிஷை வீட்டில் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குக் கீழே, மூடியின் வலது ஓரம் மட்டும், எழுதும் கை பட்டுப் பட்டு, விரலால் தடவினால் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. உள்ளே சில்லறைக்கு நான்கு குழிகள், போகவே போகாத ஒரு மைக்கறை. பக்கவாட்டில் மூன்றெழுத்து விலாசம், அதாவது தொழில் நடத்திய குடும்பத்தின் முதலெழுத்துகள்.

அந்தத் தேய்மானத்துக்காகவே 5,800 தகும் என்பேன். என் தகப்பனாரைப் பெற்ற ஐயா பர்மாவில், செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த ஒரு கிட்டங்கியில், இப்படிப்பட்ட பெட்டியருகே உட்கார்ந்து வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். பெட்டியடியிலிருந்து உதவியாளரான அடுத்தாள், அடுத்தாளிலிருந்து கடைப் பொறுப்பாளரான மேலாள் என்று ஏறி, மூன்றாண்டுக் கணக்கை முடித்து ஊர் திரும்பி, மறுபடியும் கப்பலேறி, என்றாவது ஒருநாள் சொந்த விலாசத்தில் கடை வைத்துவிட வேண்டும் என்பதே அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருடைய ஆசையும். உழைப்பில் ஒருவரும் குறைவைக்கவில்லை; ஆனால் அது பலித்ததும் பலிக்காமல் போனதும் அந்த ஊரை யார் ஆண்டார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அடமானப் பத்திரம் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் என்பதால்தான் பர்மியக் குடியானவனுக்குச் செட்டியார்கள் துணிந்து கடன் கொடுத்தார்கள். நெல்விலை வீழ்ந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937இல் 25 பங்காயிற்று. வட்டிக்கு விட்ட பணம் மண்ணாகத் திரும்பியது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்த மண்ணைப் பறிகொடுத்த பர்மியர் வீட்டில் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள், அதிலும் நியாயம் உண்டு. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். அகதிகளில் பலர் நடந்தே திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அதே 1948இல்தான், இந்தக் கடைத்தெருவிலிருந்து ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரத்தில், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரையும் 15 லட்ச ரூபாயையும் நம்பி, சிக்ரி எனப்படும் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அங்கே சட்டத்தால் போன நிலத்தையும் இங்கே மனமுவந்து கொடுத்த நிலத்தையும் ஒரே மூச்சில் நினைக்காமல் இந்தப் பெட்டியைத் திறக்க என்னால் முடிவதில்லை.

கடையின் பெருங்குறை, பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாததுதான். விலாசத்தைக் காட்டிக் கேட்டேன். வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பெயர் வேண்டாம், கானாடுகாத்தானா, தேவகோட்டையா, கோட்டையூரா என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்தால்கூடப் போதும். சாக்கைச் சுற்றிக் கட்டிக் கொடுத்த கட்டுமானமும் சுமார்தான். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு மூலை அடிபட்டுவிட்டது.

இரவுதோறும் வீட்டுக்கணக்கை இதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். சாய்வு கைக்கு இதமாக இருக்கிறது, முழங்கால்தான் கெஞ்சுகிறது. மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்து வாங்கவும், ஏனென்றால் மேசைமேல் ஏற்றினால் இது வெறும் அலங்காரச் சாமான். காலையிலேயே போங்கள், காந்தத்தை மறக்க வேண்டாம். வேண்டாம் என்று தோன்றினால் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அடிபட்ட மூலைக்கு எவ்வளவு கழிப்பார் என்று நான் கேட்கவில்லை.